எட்டுத் தகடும் ஒரு பிராதும்

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையில் பாஞ்சாலையின் காதுக்கு மேல் அப்பீல் கிடையாது. சூளையிலிருந்து வெளியே வருவது ஊறுகாய் ஜாடியோ, பொம்மையோ, பியூஸ் கட்டையோ, எதுவானாலும் அவள் மேசையைத் தாண்டித்தான் வைக்கோல் கட்டுக்குப் போக வேண்டும். இடது கையில் பொருளைத் தூக்கிப் பிடிப்பாள். வலது கையிலிருக்கும் கொய்யாக் குச்சியால் ஒரே ஒரு தட்டு. கணீரென்று கேட்டால் வலப்பக்கம் நகர்த்திவிடுவாள். தொப்பென்று கேட்டால் உள்ளே மயிரிழை விரிசல் இருக்கிறது என்று அர்த்தம், கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் சரி. "தேறாது" என்பாள். இருபத்தாறு வருஷ வேலையில் கெட்டதுக்குத்தான் அந்த ஒரு சொல். நல்லதுக்கு என்று அவளிடம் சொல் எதுவும் இருந்ததில்லை. அது பேசாமல் வலப்பக்கம் போய்விடும்.

அவள் கணவர் நல்லமுத்து அதே தொழிற்பேட்டையில் ஜாடிகளுக்கு மெருகு அடித்தவர். அப்போது பறக்கும் புகைபோன்ற தூளைப் பல வருஷம் மூச்சில் இழுத்ததில் நெஞ்சு கெட்டுப்போய் வேலையிலிருந்து நின்றுவிட்டார். நின்றவர் சும்மா இருக்கவில்லை. பழைய ஜீப் ஒன்றில் அகல்விளக்கும் ஜாடியும் ஏற்றிக்கொண்டு திருவிழாத் திருவிழாவாகப் போய் விற்றார். ஸ்ரீமுஷ்ணம் தேர், வடலூர்ப் பூசம், எல்லாவற்றுக்கும் மேலாகத் திருவண்ணாமலை தீபம். தீபத்துக்கு மட்டும் பாஞ்சாலையும் பத்து நாள் லீவு போட்டுவிட்டுக் கூடவே போவாள். இருபத்திரண்டு வருஷமாக நல்லமுத்து மலைத்தீபம் பார்க்காமல் ஒரு கார்த்திகையையும் விட்டதில்லை.

படுக்கத்தான் இடமில்லை. அதற்காக ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுக்க ஒரு டிரெய்லர் செய்தார்கள். வெல்டர் பக்கிரி இரும்புச் சட்டம் கட்டிக் கொடுத்தான். உள்ளே இரண்டு பலகைக் கட்டில், அடுப்புக்கு ஒரு மேடை, அடியில் விளக்கு மூட்டைகளுக்கு இடம். வெளியே போர்த்தியது பிளைவுட். முதல் தீபத்திலேயே நாலு நாள் மழையில் அது ஊறி, அப்பளம்போலப் பொங்கி, மூலைக்கு மூலை பிளந்துகொண்டது. நனைந்த படுக்கையில் படுத்த நல்லமுத்து ஊருக்கு வந்ததும் பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

"காஞ்ச எடத்துல படுக்க வைக்க முடியும்னா கூட்டிட்டுப் போங்க. முடியாதுன்னா இவரு இனிமே தீபத்துக்குப் போவக் கூடாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அது 2006. மறுவருஷம் புரட்டாசியில்தான் பக்கிரி ஒரு யோசனை சொன்னான். "தகரம் வெயிலுக்கு அடுப்பாயிடும், மழைக்குத் துருப்பிடிச்சிடும். ஃபைபர்ல போட்ருவோம்கா. பேட்டைக்குப் பின்னால கடலூர்க்காரரு ஒருத்தர் ஷெட்டு போட்டிருக்காரு."

கடலூர்க்காரன் ஆனந்தராஜ். சுனாமிக்குப் பிறகு கடலோரத்தில் கண்ணாடி இழைப் படகு செய்யும் வேலை நிறைய இருந்தது. அதில் கைதேர்ந்தவன். படகு வேலை குறைந்ததும் இங்கே வந்து பாத்ரூம் கதவு, தொட்டி மூடி என்று செய்துகொண்டிருந்தான். டிரெய்லரை அளந்து பார்த்து, பக்கத்துக்கு இரண்டு, கூரைக்கு இரண்டு, முன்னுக்கும் பின்னுக்கும் ஒவ்வொன்று என எட்டுத் தகடு வார்த்தான். பாஞ்சாலை வீட்டுப் பின்கட்டில் அவற்றை வரிசையாகச் சாய்த்து வைத்தபோது வெள்ளை வெளேரென்று முகம் பார்க்கலாம்போல் மின்னின.

பாஞ்சாலை குச்சியோடு வந்தாள். முதல் தகட்டில் ஒரு தட்டு. டொக்கென்றது. இரண்டாவதும் டொக்கென்றது. எட்டையும் தட்டி முடித்தாள்.

"தேறாது" என்றாள்.

ஆனந்தராஜ் சிரித்தான். "அக்கா, இது மண்ணு இல்ல. இதுக்கு இதான் குரலு."

"எதுவா இருந்தா என்ன தம்பி? முழுசா இருந்தா கணீர்னு சொல்லும். எட்டும் ஊமையா இருக்குது. உள்ள விரிசல்."

"இதுலதான்கா கடல்ல படகே ஓடுது."

"முழுகுற படகும் உண்டுல்ல."

தகடு தூக்க வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். பக்கிரியும் சிரித்துவிட்டு, பிறகு தரையைப் பார்த்தான். ஆனந்தராஜின் முகத்தில் இருந்த சிரிப்பு மட்டும் போய்விட்டது. வாங்கிய முன்பணத்தை எடுத்து நல்லமுத்துவின் கையில் வைத்தான். "வண்டி கெடைச்சதும் வந்து எடுத்துக்கறேங்க. அது வரைக்கும் இந்த ஓரத்தை மட்டும்..."

"ஓரமும் வேணாம் நடுவும் வேணாம். நீ போயிட்டு வா தம்பி" என்றாள் பாஞ்சாலை.

அவளுக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். புருஷன் நெஞ்சுக்காகக் கட்டுகிற சுவரில் ஒருத்தன் ஏமாற்றினான், ஏமாற்றியதை ஒத்துக்கொள்ளவும் இல்லை. அடுத்த திங்கட்கிழமை பஸ் ஏறி மணவாளநல்லூருக்குப் போனாள். அங்கே கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவது இந்தப் பக்கத்து வழக்கம். கோர்ட்டில் கொடுப்பதுபோலவே தன் பெயர், எதிராளி பெயர், குறை எல்லாவற்றையும் தாளில் எழுதிப் பூசையில் வைத்து வேலில் கட்டிவிட்டால் சாமி விசாரித்துத் தீர்ப்புச் சொல்வார். பாஞ்சாலை எழுதினாள்: 'எதிராளி ஆனந்தராஜ், விரிசல் விட்ட தகட்டை நல்லதென்று சொல்லிக் கொடுத்தார். இதில் உண்மை எதுவோ அதை ஐயா வெளியே கொண்டுவர வேண்டும்.' மனம் லேசாகி வீட்டுக்கு வந்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. டிரெய்லர் எலும்புக்கூடாகத் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. வேறு ஆள் கிடைக்கவில்லை. ஆனந்தராஜும் தகட்டை எடுக்க வரவில்லை. சாய்த்து வைத்த தகடுகளின் பக்கமே பாஞ்சாலை போகவில்லை. தீபத்துக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கும்போது நல்லமுத்து காப்பி குடித்துக்கொண்டே சொன்னார்.

"இந்த வருசம் டி.வி.லயே காட்டுறாங்களாமே. அதுல பாத்துக்கறேன். கூட்டமும் இல்ல, நெரிசலும் இல்ல."

அவர் அதை வேடிக்கைபோலத்தான் சொன்னார். ஆனால் ஒரு குரலைக் கேட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வதுதானே பாஞ்சாலையின் வேலை. அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் விடியற்காலை காற்றும் மழையும் அடித்து ஓய்ந்திருந்தது. பாஞ்சாலை பின்வாசல் கதவைத் திறந்தாள். கடைசியில் இருந்த தகடு காற்றில் சரிந்து, சந்திலிருந்த சாக்கடைக்குக் குறுக்கே பாலம்போலக் கிடந்தது. சேற்றுத் தண்ணீரில் அது எதன்மேல் கிடக்கிறது என்பதே தெரியவில்லை. களிமண் மூட்டை ஏற்றிய கைவண்டியைத் தள்ளிக்கொண்டு சாமிதுரை வந்தான். பேட்டைக்கு மண் அடிப்பவன். சிமெண்டுப் பலகை என்று நினைத்து நேரே அதன்மேல் ஏற்றிவிட்டான்.

"டேய், நில்லு" என்று பாஞ்சாலை சொல்வதற்குள் சக்கரம் நடுவுக்கு வந்துவிட்டது. அவள் காது படாரென்ற சத்தத்துக்குக் காத்திருந்தது. இருபத்தாறு வருஷப் பழக்கம். ஜாடி கீழே விழுவதைப் பார்த்தால் சத்தம் வருவதற்கு முன்பே அவளுக்குக் கேட்டுவிடும்.

சத்தம் வரவில்லை. நாலு மூட்டை மண்ணின் கனத்துக்குத் தகடு வில்லாக வளைந்து, சக்கரம் தாண்டியதும் தண்ணீரை உதறிக்கொண்டு நிமிர்ந்தது.

பாஞ்சாலை படி இறங்கிப் போனாள். தகட்டைத் தூக்கிப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். கீறல் இருந்தது. விரிசல் இல்லை. ஒரு மாத மழையில் பொங்கவும் இல்லை. விரல் முட்டியால் தட்டினாள். டொக்கென்றது. அன்றைக்கும் இதே குரல். இத்தனை கனம் ஏறி இறங்கிய பிறகும் இதே குரல். விரிசல் விட்ட பொருள் ஒவ்வொரு அடிக்கும் குரல் மாறும் என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? இது மாறவில்லை. வளைந்து கொடுத்துத் திரும்புகிற பொருள் எதையும் அவள் வாழ்நாளில் தட்டிப் பார்த்ததில்லை. அவ்வளவுதான் விஷயம்.

அப்போதுதான் இன்னொன்றைப் பார்த்தாள். சாய்த்து வைத்திருந்த மற்ற ஏழு தகடுகளும் சேற்றில் நிற்கவில்லை. ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டிரண்டு செங்கல், அதன்மேல் மடித்துப்போட்ட சாக்கு. சரிந்த தகடு நின்ற இடத்திலும் அதேபோல இரண்டு.

"ஏங்க, செங்கல் நீங்களா வெச்சீங்க?"

"நான் எங்க குனிஞ்சேன்?" என்றார் நல்லமுத்து உள்ளே இருந்து.

சாமிதுரை வண்டியை நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிந்தான். "கடலூர்க்காரரு வெச்சாருங்க. மழ ஆரம்பிச்ச அன்னிக்கு நீங்க வேலைக்குப் போயிருந்தீங்க. நான்தான் செங்கல்லு எடுத்துக் குடுத்தேன். ஓரம் தண்ணியில நிக்கக் கூடாதாம். எடுத்துக்கிட்டுப் போறதா இருந்தா போவலாமேன்னு கேட்டேன். 'இல்லப்பா, அண்ணனுக்குத் தேவைப்படும்'னாரு. உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு."

பாஞ்சாலை அந்தச் செங்கல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாலு பேர் நடுவில் அவமானப்பட்டுப் போனவன், யாரும் பார்க்காத நேரத்தில் வந்து, குனிந்து, பதினாறு செங்கல் அடுக்கிவிட்டுப் போயிருக்கிறான். பெரிய தானம், பெரிய தருமம் எல்லாம் ஊருக்குத் தெரிந்துவிடும். இப்படிப்பட்ட சின்ன நன்மைகளுக்குக் கடவுள் ஒருவர்தான் சாட்சி. அவராகப் பார்த்து எப்போதாவது ஒன்றை நம் கண்ணில் காட்டுகிறார்.

அன்று அவள் வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேரே ஷெட்டுக்குப் போனாள். ஆனந்தராஜ் கண்ணாடி இழை விரிப்புகளைச் சுருட்டிச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தான்.

"எங்க தம்பி, மூட்டை கட்டுற?"

"கடலூருக்கே போயிடலாம்னுதான்கா. கல்யாண மண்டபத்துக்குப் பதிமூணு கதவு கேட்டிருந்தாங்க. வேணாம்னுட்டாங்க. தொட்டி மூடியும் அப்படியே." அவன் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. "உங்க காது சொல்லிடுச்சுன்னா அப்புறம் இந்த ஊர்ல யாரு கேப்பாங்க?"

பாஞ்சாலைக்கு அது தெரிந்திருக்கவில்லை.

"தப்பு என்னுது தம்பி" என்றாள்.

"நீங்க பொய் சொல்லலயேக்கா. காதுல கேட்டதைத்தானே சொன்னீங்க."

"கேட்டது சரிதான். தெரியாத பொருளைத் தெரிஞ்ச மாதிரி பேசினேன்ல, அதைச் சொல்றேன். அந்த மூட்டையைப் பிரி. சாயங்காலம் கோவிந்தராசு கடைக்கு வா."

ஷிப்டு விடுகிற நேரத்தில் பேட்டை வாசலில் இருக்கும் கோவிந்தராசு டீக்கடையில் நிற்க இடம் இருக்காது. பாஞ்சாலை அந்தக் கூட்டத்தின் நடுவில் போய் நின்று, "கடலூர்க்காரர் தகடு தேறாதுன்னு நான் சொன்னது தப்பு. ஒரு மாசம் மழையில கெடந்துச்சு. நாலு மூட்டை மண்ணு ஏறி எறங்குச்சு. ஒண்ணும் ஆவல. நல்ல சரக்கு" என்றாள்.

கோவிந்தராசு டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். "என்னா பாஞ்சால, காதுக்கு வயசாயிடுச்சா?"

"காதுக்கு ஒண்ணும் ஆவலண்ணே. வாய்க்குத்தான் அவசரம்."

கடையே சிரித்தது. மண்டபத்து மேனேஜர் பாலகிருஷ்ணன் டம்ளரை வைத்துவிட்டு, "அப்ப அந்தக் கதவைப் போட்ருங்க தம்பி" என்றார். பின்னால் நின்ற ஆனந்தராஜ் தலையை மட்டும் ஆட்டினான்.

மறுநாளே வேலை தொடங்கியது. ஆனந்தராஜ் செய்யச் செய்யப் பாஞ்சாலை கேட்டுக்கொண்டே நின்றாள். இந்தத் தடவை குச்சி இடுப்பில்தான் இருந்தது.

"தகடு சாவாதுக்கா. ஓரம்தான் சாவும்" என்றான் அவன். "அறுத்த எடத்துல இழை வாயத் தொறந்துகிட்டு இருக்கும். தண்ணியை உறிஞ்சி உள்ள உள்ள கொண்டுபோவும். அன்னைக்கே ஓரத்துக்கு ரெசின் பசை பூசணும்னு சொல்லத்தான் வந்தேன்."

"நான் எங்க சொல்ல விட்டேன்? ஸ்க்ரூவுக்கு எதுக்கு ஓட்டையை இவ்ளோ பெருசாப் போடுற?"

"வெயில்ல விரியும், பனியில சுருங்கும். இறுக்கிப் புடிச்சா ஓட்டையைச் சுத்திக் கீறிடும். ரப்பர் வாஷர் வெச்சு, புடிச்சும் புடிக்காத மாதிரி முறுக்கணும்."

"புருசன் பொண்டாட்டி மாதிரின்னு சொல்லு" என்றார் நல்லமுத்து. பக்கிரி ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான்.

"மேல இருக்குற வெள்ளைப் பூச்சுதான் இதுக்குத் தோலு" என்று ஆனந்தராஜ் தொடர்ந்தான். "அது தேஞ்சு உள்ள இழை தெரிஞ்சிடுச்சுன்னா வெயிலு தின்னுடும். வருசத்துக்கு ஒரு தடவ மெழுகு போட்டுத் தேச்சு வைங்க. பத்துப் பதினஞ்சு வருசத்துக்கு என்னைத் தேட மாட்டீங்க."

எட்டுத் தகடும் சட்டத்தில் ஏறியதும் பாஞ்சாலை தயங்கினாள். "தம்பி, ஒரு தடவ தட்டிப் பாக்கட்டுமா? குத்தம் சொல்ல இல்ல. இதோட குரலைப் பழகிக்கறேன்."

"தாராளமாத் தட்டுங்க."

ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு வந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, விரற்கடை விரற்கடையாக, அவசரமில்லாமல். டொக், டொக், டொக். இப்போது அந்த ஊமைக்குரலுக்குள்ளும் ஒரு திடம் இருப்பது அவளுக்குக் கேட்டது. ஏழாவது தகட்டில், சக்கரத்துக்குச் சற்று மேலே, குச்சி நின்றது. திரும்பத் தட்டினாள்.

"இந்த எடத்துல மட்டும் வேற மாதிரி இருக்குது. பொத்துன்னு. மத்ததெல்லாம் இப்படி இல்ல."

பக்கிரி, "மறுபடியுமாக்கா?" என்று முனகினான். ஆனந்தராஜ் மட்டும் கிட்டே வந்து, சாவிமுனையால் அதே இடத்தைத் தட்டினான். காதை வைத்துக் கேட்டான். பிறகு உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தான். பூச்சுக்கு அடியில், உள்ளங்கை அகலத்துக்கு இழை ஒட்டாமல் காற்று நின்றிருந்தது. சக்கரத்தில் தெறிக்கும் கல் வந்து அடிக்கிற இடம். அடுத்த மழைக்குள் உடைந்து தண்ணீர் இறங்கியிருக்கும்.

"அன்னைக்கு எட்டும் விரிசல்னீங்க" என்றான் அவன், வெட்கமும் சிரிப்புமாக. "இன்னிக்கு ஒண்ணு சொல்றீங்க. இன்னிக்குச் சொன்னது நெசம்கா. இது என் தப்பு. காத்தை வெளியேத்துற உருளையைச் சரியா ஓட்டல."

"அப்ப கணக்கு நேராயிடுச்சு" என்றாள் பாஞ்சாலை. அவன் அந்த இடத்தைச் சுரண்டி, புது விரிப்பு வைத்து, ரெசின் ஊற்றி இறுக்கினான். காய்ந்ததும் அவளே தட்டிப் பார்த்தாள். டொக்கென்றது. அவள் முகம் மலர்ந்தது.

புறப்படுவதற்கு முந்தின நாள் மணவாளநல்லூருக்குப் போய்ப் பிராதைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். கோயில் எழுத்தர் நோட்டைப் புரட்டிக்கொண்டே, "பிராது நிறைவேறிடுச்சாம்மா?" என்று கேட்டார்.

"நிறைவேறிடுச்சுங்க. எதிராளி நான்தான்னு தெரிஞ்சிடுச்சு."

எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். அவள் சந்நிதிப் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். உண்மை எதுவோ அது வரட்டும் என்று கேட்டாள், அது வந்தது. எந்தப் பக்கமிருந்து வர வேண்டும் என்று அவள் எழுதவில்லையே.

திருவண்ணாமலையில் அந்த வருஷமும் மழை விடவில்லை. ஆறாம் நாள் பகலெல்லாம் கொட்டியது. கடையைச் சாக்குப் போட்டு மூடிவிட்டு இருவரும் டிரெய்லருக்குள் வந்தார்கள். கூரைத் தகட்டில் மழை தடதடவென்று இறங்கியது. பாஞ்சாலை ஒவ்வொரு மூலையாகக் கையை வைத்துத் தடவினாள். ஓரம் காய்ந்திருந்தது. ஸ்க்ரூ காய்ந்திருந்தது. ஏழாவது தகடும் காய்ந்திருந்தது. கட்டிலில் நல்லமுத்து தூங்கிவிட்டிருந்தார். அவள் குனிந்து அவர் நெஞ்சருகே காதை வைத்தாள். வெளியே அத்தனை மழையிலும் அந்த மூச்சு அவளுக்குத் தனியாகக் கேட்டது. சீழ்க்கை இல்லை, கரகரப்பு இல்லை. உள்ளே போய், நிதானமாக வெளியே வந்தது.

தீபத்தன்று மாலை வானம் சற்று வெளுத்தது. மலை உச்சியில் சுடர் தெரிந்ததும் நல்லமுத்து டிரெய்லர் வாசலில் நின்றபடி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். இருபத்து மூன்றாவது வருஷம்.

மறுநாள் காலை பாஞ்சாலை ஒரு ரூபாய்க் காசு போடும் பெட்டிப் போனைத் தேடிப் பிடித்து ஆனந்தராஜுக்குப் பேசினாள்.

"எந்த எடத்துலக்கா ஒழுவுது?" என்றான் அவன், அவள் குரலைக் கேட்டதுமே.

"எங்கயும் ஒழுவல தம்பி."

"அப்புறம் என்னாக்கா?"

"ஒண்ணும் இல்ல. எட்டு நாள் மழ. சொட்டுக்கூட உள்ள வரல. உங்க அண்ணன் நல்லாத் தூங்குறாரு. தகடு நல்லா இருக்குதுன்னு சொல்லத்தான் பண்ணேன்."

அந்தப் பக்கம் யாரோ கதவுக்கு உப்புத்தாள் தேய்க்கிற சத்தம் கேட்டது.

"நல்லா இருக்குதுன்னு சொல்றதுக்குன்னு யாரும் எனக்குப் போன் பண்ணது இல்லக்கா" என்றான்.

"நானும் யாருக்கும் பண்ணது இல்ல. இதான் மொதலு" என்றாள் பாஞ்சாலை. போட்ட காசுக்குப் பேச இன்னும் நேரம் இருந்தது. அதனால் 'நல்லா இருக்குது தம்பி' என்று இன்னொரு தடவையும் சொன்னாள்.